படுக்கையில் மூட்டைப்பூச்சி: வெப்பத்தால் ஒழிக்கும் முறை

தடிப்பும் அரிப்புமாகத் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரிடம் வீட்டில் மூட்டைப்பூச்சி உண்டா என்று கேட்டால், பெரும்பாலோர் அவமதிக்கப்பட்டவர்போல் முகம் சுளிக்கின்றனர். அண்மையில் ஒரு தாய் தம் ஆறு வயது மகளை அழைத்து வந்தார். சிரங்கு எனக் கருதி இரு முறை களிம்பு பூசியும் அரிப்பு அடங்கவில்லை. கைகளிலும் கழுத்திலும் மூன்று நான்காக வரிசையில் தடிப்புகள் இருந்தன, விரலிடுக்குகளில் ஒன்றுமில்லை. அதே கட்டிலில் உறங்கும் பாட்டியின் உடலில் கடித்த தடமே இல்லாததால் பூச்சியின் நினைவு எவருக்கும் எழவில்லை. கடிக்கு எல்லாத் தோலும் ஒன்றுபோல் எதிர்வினை காட்டுவதில்லை. மெத்தையின் தையலோரத்தைப் பார்க்கச் சொன்னேன். கரும்புள்ளிகளாக எச்சமும், வெண்ணிற முட்டைகளும் அங்கே இருந்தன.

மூட்டைப்பூச்சி தூய்மைக்குறைவின் அடையாளமன்று. பேருந்து இருக்கை, விடுதி அறை, மருத்துவமனைக் கட்டில் என எங்கிருந்தும் அது துணிப்பையில் ஏறி வரும். அது நோயைப் பரப்புவதாக நிறுவப்படவில்லை. எனினும், சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ்பிடிப்பதும், உறக்கம் கெடுவதும் நோயாளிக்குச் சிறு துன்பங்களல்ல.

அந்தத் தாய் மெத்தையின்மேல் பூச்சிமருந்தைத் தெளித்திருந்தார். இதனை நான் வன்மையாகத் தடுக்கிறேன். இழுப்பு நோயுள்ளவரும் குழந்தைகளும் அந்தப் படுக்கையில் முகம் புதைத்து உறங்குகின்றனர். மேலும், வழக்கமான மருந்துகள் பலவற்றைத் தாங்கும் ஆற்றலை இப்பூச்சிகள் பெற்றுவிட்டன. மண்ணெண்ணெய் தெளிப்பதோ தீ விபத்தை நாமே வரவழைப்பது.

வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஆனால் அளவு முக்கியம். குளிர்நாட்டு இனத்தைக் கொண்டு நடத்திய ஆய்வகச் சோதனைகளில், 45 பாகை செல்சியசில் வளர்ந்த பூச்சி மடிய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், முட்டை அழிய ஏழு மணி நேரமும் ஆயின. 55 பாகையை எட்டினால் இரண்டும் விரைவில் அழிகின்றன. நம் ஊரில் மிகுதியாகக் காணப்படும் வெப்பமண்டல இனத்துக்கும் 60 பாகையை இலக்காகக் கொள்வதே பாதுகாப்பு.

மெத்தையை வெயிலில் போடும் நம் வழக்கம் ஏன் பயன் தருவதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். மேற்புறம் சுடும்போது பூச்சிகள் நிழலான அடிப்புறத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. பஞ்சு வெப்பத்தை உள்ளே விடுவதுமில்லை.

விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை அறையிலேயே நெகிழிப் பையில் இட்டுக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். உதறியபடி கொண்டுபோனால் பூச்சிகள் வழியெங்கும் உதிரும். சலவை இயந்திரத்தில் 60 பாகை வசதியிருப்பின் அதுவே எளிது. இல்லையேல், பெரிய எவர்சில்வர் அண்டாவில் இரு பங்கு கொதிநீரோடு ஒரு பங்கு குழாய்நீர் கலந்து, துணி முழுதும் அமிழுமாறு அழுத்தி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். துணியை நெருக்கித் திணித்தால் நடுவில் சூடு ஏறாது. குழந்தைகள் அருகில் இல்லாதபோது இதனைச் செய்யுங்கள். கொதிநீர்க் காயத்தோடு வரும் குழந்தையை விட மூட்டைப்பூச்சி கடித்த குழந்தை எவ்வளவோ மேல். கொதிநீர் தாங்காத உலர்ந்த துணிகளைச் சூடான உலர்த்தி இயந்திரத்தில் அரை மணி நேரம் சுழலவிடலாம். குளிர்ந்த நீரில் ஊறவைப்பதால் முட்டைகள் அழிவதில்லை.

இலவம்பஞ்சு மெத்தைக்கு வீட்டில் செய்யக்கூடிய வெப்பமுறை இல்லை. இழுபூட்டுள்ள முழு உறையிட்டு, ஓராண்டு வரை கழற்றாதிருங்கள். உணவின்றிப் பல மாதம் உயிர் வாழும் பூச்சி அது. கட்டிலின் இணைப்புகளில் கொதிநீரை மெதுவாக ஊற்றலாம், மின்கம்பிகள் அருகில் இல்லையெனில்.

முட்டைகள் பொரிக்க ஆறு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை துணிகளை வெப்பத்துக்கு உட்படுத்தித் தையலோரங்களையும் பார்வையிடுங்கள். அந்தச் சிறுமியின் வீட்டில் ஐந்து வாரங்களாயின. மருத்துவமனையில் நோயாளியுடன் தங்கி வீடு திரும்பும்போது, கொண்டுவந்த போர்வையை அறைக்குள் எடுத்துச் செல்லாமல் நேரே அண்டாவுக்கு அனுப்புங்கள். தடிப்புகளில் சீழ், காய்ச்சல் அல்லது முகவீக்கம் தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காணுங்கள்.