லாகூர் வேண்டாம்

மாகறல்

அன்புள்ள பேரனுக்கு,

சின்ன தாத்தா எழுதுவது. சம்பா நடவு முடிந்தது. செய்யாற்றில்தான் இன்னும் தண்ணீரைக் காணோம்.

உன் தாத்தாவைப் பற்றி நீ எழுதி அனுப்பிய நாலு பக்கத்தையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தேன். 1965 பாகிஸ்தான் சண்டையில் அவர் லாகூர் வாசல் வரைக்கும் போய்ச் சுட்டார் என்கிறாயே, அது எங்கிருந்து வந்தது? எடுத்துவிடு. உடும்பின் வாலே லிங்கமாச்சு என்று நம் திருமாகறலீஸ்வரருக்குக் கதை இருக்கிறது. சாமிக்கு அது தகும். தாத்தாவுக்கு வேண்டாம்.

அண்ணன் மெட்ராஸ் சேப்பர்ஸ். பெங்களூர் அல்சூரில் பயிற்சி. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பதுதான் வேலை. பட்டாளத்தில் அவர்களுக்கு 'தம்பி' என்றே பெயர். 1948 காஷ்மீர்ச் சண்டையில் சோஜி லா கணவாயில் டாங்கி ஏறியதே, அதற்குப் பாதை போட்டது இந்தத் தம்பிகள்தான். இன்னொன்று: அந்தப் படை தொடங்கிய நாள் 1780 செப்டம்பர் 30. அதற்குச் சரியாக இருபது நாள் முன்னால்தான், காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் புள்ளலூரில், ஐதரும் திப்புவும் கும்பெனிக் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். இதையெல்லாம் தாராளமாக எழுது.

சண்டை நேரத்தில் அண்ணன் எங்கே இருந்தார் என்று எங்களுக்கே தெரியாது. கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது, '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும் இருக்கும். காஷ்மீர் என்றாலும் அதேதான், பஞ்சாப் என்றாலும் அதேதான். டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. வந்து பார்த்து, அதில் இருப்பதை எழுது.

உன் ஆயாவுக்கு நாலு பக்கத்தில் ஒரே வரி: 'கணவருக்காகக் காத்திருந்தார்.' காத்திருக்க அவர்களுக்கு ஏதப்பா நேரம்? அந்த செப்டம்பரிலும் சம்பா நடவு. உன் அப்பனை வரப்பில் துணி விரித்துப் படுக்க வைத்துவிட்டு விடியுமுன் நாற்றுப் பிடுங்க இறங்குவார்கள். ராத்திரி மடைத் தண்ணீர் முறைக்கும் லாந்தரோடு அவர்களேதான் போவார்கள்.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அப்போது பதினைந்து வயது; தபால் வந்தால் நான்தான் படித்துக் காட்டுவேன். சண்டை ஆரம்பித்ததும் கடிதம் நின்றுபோனது. மூன்று வாரம். டீக்கடை ரேடியோவில் செய்தி கேட்டவன் எல்லாம் நம் வாசலில் வந்து துக்கம் விசாரிக்கிற மாதிரி நிற்பான். ஒருநாள் தாங்க முடியாமல், ஆடியில் வந்த இன்லண்டை எடுத்து, இன்றைக்கு வந்தது என்று படித்தேன். 'சப்பாத்திதான் வயிற்றுக்கு ஒத்துக்கவில்லை' என்று ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி வாங்கி, முந்தியில் முடிந்துகொண்டு கழனிக்குப் போய்விட்டார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கடிதத்தின் மூலையில் மஞ்சள் கறை இருந்தது. ஆடியில் முதல்முறை படித்தபோது, மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கையோடு வாங்கிப் பார்த்ததில் பட்டது.

தெரிந்துதான் வாங்கிக்கொண்டார்களா? இத்தனை வருஷமாக எனக்குக் கேட்க வாய் வரவில்லை. தீபாவளிக்கு வரும்போது நீ கேள். நான் திண்ணையில்தான் இருப்பேன், கொஞ்சம் சத்தமாகவே கேள்.

இப்படிக்கு,
சின்ன தாத்தா