உமிச் சாம்பலும் உறுதியான சுவரும்

தோட்ட வீட்டின் வாசற்படி, சுங்கை பட்டாணியின் கடைத்தெரு, ஆற்றுப் பாலத்தின் தூண் ஆகிய அனைத்திலும் இருப்பது கற்காரை. இதனைக் கான்கிரீட் என்றும் அழைப்பர். சிமெண்டு, மணல், சரளைக்கல், நீர் ஆகியவை சேர்ந்த கலவை இது. கல் உறுதியானது, இறுகிய சிமெண்டும் உறுதியானது. அவ்வாறிருக்க, விரிசல் எங்கிருந்து தொடங்குகிறது?

கலவையில் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் நீர் சற்று மிகுதியாகத் தேங்குகிறது. அங்குச் சிமெண்டுத் துகள்கள் நெருங்கி அமைவதில்லை. ஆகவே, கல்லைச் சுற்றி நுண்துளைகள் மிகுந்த சன்னமான வளையம் உருவாகிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 20 முதல் 50 மைக்ரோமீட்டர்; பொதுவாகத் தலைமுடியைவிடக் குறைவு. பாரம் கூடும்போது விரிசல் பெரும்பாலும் இங்குத்தான் தோன்றுகிறது.

இவ்வளவு சிறிய பகுதியை ஆய்வாளர்கள் எவ்வாறு சோதிக்கின்றனர்? கூரிய வைரமுனையை அதன்மீது மெல்ல அழுத்துகின்றனர். செலுத்திய விசையையும் முனை இறங்கிய ஆழத்தையும் அளந்து, அவ்விடத்தின் விறைப்பையும் கடினத்தையும் கணக்கிடுகின்றனர்.

இந்த வளையத்தை வலுப்படுத்தும் பொருள் கெடாவிலேயே கிடைக்கிறது. நாட்டின் நெற்களஞ்சியமான இம்மாநிலத்தின் அரிசி ஆலைகளில் உமி குவிகிறது. 100 கிலோகிராம் நெல்லில் ஏறத்தாழ 20 கிலோகிராம் உமி உண்டு. அதனை எரித்தால் சுமார் 4 கிலோகிராம் சாம்பல் கிடைக்கும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஐதராக்சைடு உண்டாகிறது. சிலிக்கா அதனுடன் சேர்ந்து புதிய பிணைப்புப் பொருளாகி, நுண்துளைகளை அடைக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கரியமிலவாயு வெளியேறுகிறது. சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சாம்பலைச் சேர்த்தால் அவ்வாயு குறையும். செம்பனை ஆலைக் கொதிகலன்களின் சாம்பலையும் மலேசியப் பல்கலைக்கழகங்கள் இந்நோக்கில் ஆராய்ந்துள்ளன.

எனினும், எல்லா உமிச் சாம்பலும் பயன்தராது. வெப்பம் 700 பாகை செல்சியஸை மிகவும் தாண்டினால் சிலிக்கா படிகமாகி, வினைபுரியும் ஆற்றலை இழக்கும். வெப்பம் போதாவிட்டால் எரியாத கரி எஞ்சும். எனவே, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எரிப்பதும் சாம்பலை நுண்மையாக அரைப்பதும் இன்றியமையாதவை. இம்முறையைக் கையாண்டால், ஆலையில் கழிவாகக் குவியும் உமி நம் வீட்டுச் சுவருக்கு வலுச்சேர்க்கும்.

கருத்துணர் வினாக்கள்
1. கல்லைச் சுற்றியுள்ள பகுதி ஏன் நலிவடைகிறது?
2. உமியை எரிக்கும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த வேண்டியதன் காரணங்களை விளக்குக.