தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: கேட், கிரில் வேலைக்காக சி.என்.சி. பிளாஸ்மா வாங்கப் போகிறேன். தண்ணீர்த் தொட்டி மேசை நல்லதா, புகையை அடியில் இழுக்கும் மேசை நல்லதா? (முண்ட்கா)

பதில்: எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்தான் வெட்டுவீர்கள் என்றால் தண்ணீர்த் தொட்டியே வாங்குங்கள். பொறி அணையும், புகைத்தூளில் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடும், மெல்லிய தகடு சூட்டில் வளைவதும் குறையும். புகை இழுக்கும் மேசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஃபில்டர் வேண்டும், அதைச் சுத்தம் செய்ய ஏற்பாடு வேண்டும். இங்கே பலர் ஃபேனை மட்டும் மாட்டிக் குழாயைச் சந்துக்குள் திருப்பி விடுகிறார்கள். நவம்பரில் தில்லிக் காற்று இருக்கிற நிலையில் அப்படிச் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.

கேள்வி: 5 அடிக்கு 10 அடி தொட்டியை முதல் மாடியில் வைக்கலாமா? (நாராயணா)

பதில்: வேண்டாம். 15 செ.மீ. ஆழம் நிரப்பினால் தண்ணீரே சுமார் 700 கிலோ. மேலே 10 மி.மீ. முழு பிளேட் ஒன்றை ஏற்றினால் இன்னும் 360 கிலோ. தொட்டியின் எடை தனி.

கேள்வி: தண்ணீர் பிளேட்டைத் தொட வேண்டுமா? (பவானா)

பதில்: ஏர் பிளாஸ்மாவுக்குத் தொடவே வேண்டாம். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தொட்டால் வெட்டும் வேகம் குறையும், அடியில் ஸ்லாக் கெட்டியாக ஒட்டும். மட்டத்தை ஏற்றி இறக்க வழியில்லாத தொட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் தொட்டியில் ஆன்ட்டிஃப்ரீஸ் ஊற்றச் சொல்லி வீடியோவில் பார்த்தேன். எவ்வளவு ஊற்றலாம்? (கீர்த்தி நகர்)

பதில்: ஒரு சொட்டும் வேண்டாம். தில்லிக் குளிரில் பட்டறைக்குள் தொட்டி உறையாது.

கேள்வி: மாதத்தில் ஓரிரு முறை அலுமினியமும் இதே தொட்டியில் வெட்டுகிறோம். மறுநாள் காலை முதல் வெட்டில் 'டப்' என்று வெடிக்கிறது. டார்ச் கோளாறா? (ஓக்லா)

பதில்: டார்ச் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்த கையோடு வேலையை நிறுத்துங்கள். வெடிப்பது ஹைட்ரஜன். உருகிய அலுமினியத் துளிகள் தண்ணீரோடு வினைபுரிந்து அதை வெளியிடுகின்றன. அடியில் படிந்த தூள் இரவெல்லாம் விட்டுக்கொண்டே இருக்கும். 100 கிராம் தூள் முழுதும் வினைபுரிந்தால் 120 லிட்டருக்கு மேல் வாயு. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பிளேட்டைத் தொட்டிமேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள், வாயு அதன் அடியில் சேர்கிறது, காலையில் உங்கள் ஆள் குனிந்து நின்று அதைக் கொளுத்துகிறார். அவர் முகம் தொட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

கசடு முழுவதையும் அள்ளிவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். அலுமினிய வேலை தொடரும் என்றால், தொட்டியின் அடியில் துளைக்குழாய் போட்டுக் காற்றுக் குமிழி விட வேண்டும். மேலே நல்ல காற்றோட்டம் வேண்டும். இரவில் தொட்டிமேல் பிளேட் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் முடியாதென்றால் அந்த வேலையை வெளியே கொடுங்கள். அலுமினியம்-லித்தியம் கலவையைத் தண்ணீர்மேல் வெட்டவே கூடாது.

கேள்வி: நாங்கள் வெட்டுவது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மட்டும். தொட்டித் தண்ணீர் பழுப்பானதும் சாக்கடையில் திறந்துவிடுகிறோம். வெறும் துருதானே? (வஜீர்பூர்)

பதில்: துரு இல்லை. 304 கிரேடு எஸ்.எஸ்.ஸில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். பிளாஸ்மாவின் சூட்டில் குரோமியத்தின் ஒரு பகுதி ஹெக்ஸாவேலன்ட் குரோமியமாக மாறுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்திருக்கிறது. உங்கள் ஆட்களின் நுரையீரலுக்குப் போகவிடாமல் தண்ணீர் அதைப் பிடித்து வைத்தது. நீங்கள் வால்வைத் திறந்து ஊருக்குக் கொடுக்கிறீர்கள். நகரத்துக் கழிவுநீரில் பெரும்பங்கைச் சுமக்கும் நஜஃப்கர் வடிகால் வஜீராபாத் தாண்டியதும் யமுனையில் கலக்கிறது. கீழே ஆக்ராவில் அந்த ஆற்றிலிருந்தும் குடிநீர் எடுக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டி விஷத்தை அழிப்பதில்லை, சேர்த்து மட்டும் வைக்கிறது. ஆகவே தொட்டி வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: அடித்தளம் ஒரு பக்கம் சரிகிறதா? தாங்கு பட்டைகளைச் சட்டென்று தூக்கிவிட்டுக் கசடை அள்ள முடியுமா? அள்ளச் சிரமமான தொட்டியை யாரும் அள்ளுவதில்லை, வால்வைத்தான் திறக்கிறார்கள்.

வெட்டு இல்லாத நாளில் தண்ணீரைத் தெளியவிட்டு, மேல்நீரைக் குழாய் வைத்து இறக்கி மறுபடி அதையே பயன்படுத்துங்கள். சேற்றை ஈரமாகவே, கையுறை போட்டு, மூடி உள்ள டிரம்மில் அள்ளுங்கள். காயவிட்டுப் பெருக்கினால் தூள் மறுபடி மூச்சில் ஏறும். ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். குரோமியம் அளவு மீறினால் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் பொருந்தும்: 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அனுமதி பெற்ற நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். எப்படி என்று தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் நீங்களே போய்க் கேளுங்கள். செலவு ஆகும். அதைக் கட்டிங் கூலியில் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் சட் பூஜை முடிந்துதான் திரும்புவார்கள். தொட்டியை அப்படியே விடலாமா? (நரேலா)

பதில்: விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கப் பத்து நாள் போதும், அதுவும் டெங்கு மாதத்தில். 200 லிட்டர் டிரம் நான்கு வாங்கித் தண்ணீரை அதில் மாற்றி மூடி வைத்துவிட்டுப் போங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் தொட்டிதான் அரித்துப்போகும்.