விவரணப்படமும் மாணாக்கரும்

எழுத்தும் பேச்சுமே மொழிப் பயிற்சியின் எல்லை எனக் கொண்டிருந்த காலம் கழிந்தது. இன்று மாணாக்கர் பலரிடம் கைத்தொலைபேசி உண்டு. அதனுள் கமெராவும் உண்டு. திருவிழாவையும் துடுப்பாட்டத்தையும் அவர்கள் நாடோறும் படம் பிடிக்கின்றனர். ஆயினும், எழுதுகோல் பிடித்தார் அனைவரும் கட்டுரையாசிரியர் ஆகாதவாறுபோல, கமெரா பிடித்தார் அனைவரும் படமாக்கத் தெரிந்தவர் ஆகார். இரண்டிற்கும் இடையே நிற்பது திட்டமிடும் ஆற்றல். அவ்வாற்றலைப் பெறுதற்கு நம் ஊரவர் ஒருவரைப் பற்றிய ஐந்து நிமிட விவரணப்படமே தக்க பயிற்சி என்பதும், அதற்கு உதவும் இலக்கணம் நம்மிடம் முன்னரே உண்டு என்பதும் ஈண்டுக் கூறப்படும்.

விவரணப்படம் யாது? உண்மை மாந்தரையும் உண்மை நிகழ்ச்சிகளையும் ஓர் ஒழுங்குபட அமைத்துக் காட்டுவது அது. அமெரிக்கரான றொபேட் பிளாகேட்டி 1922 இல் வெளியிட்ட ‘நானூக் ஒவ் த நோர்த்’ இத்துறையின் முன்னோடிப் படங்களுள் ஒன்று. வட கனடாவின் இனூயிற் மக்களது வாழ்வை அது காட்டுகின்றது. நானூக் எனக் காட்டப்பட்ட வேட்டுவரின் இயற்பெயர் அல்லகாரியல்லக். துப்பாக்கி பழகிவிட்ட அம்மக்களைப் பிளாகேட்டி ஈட்டிகொண்டு வேட்டையாடச் செய்தார். உள்ளே வெளிச்சம் போதாமையாற் பனிக்கட்டி வீட்டை ஒருபுறம் திறந்தபடி அமைப்பித்துப் படம் பிடித்தார். படம் அழகியதே. எனினும், அதில் உண்மை எது, ஒப்பனை எது என்னும் வினா நூறாண்டு கழிந்தும் அதனை விட்டபாடில்லை.

நம் தீவுக்கும் இத்துறையில் ஓர் இடம் உண்டு. பசில் றைற் இயக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ 1934 இல் வெளிவந்தது. அதன் விளக்கவுரையிற் பெரும்பகுதி, இங்குச் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனைப் படித்தவர் கொழும்பின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட். அதற்கு அடுத்த ஆண்டு, 1935 இல், ஆதர் எல்ற்றனும் எட்கார் அன்ஸ்ரியும் இலண்டன் மாநகரின் நெருக்கடியான குடியிருப்புகளைப் பற்றி ‘ஹவுசிங் புறொப்ளெம்ஸ்’ என்னும் படத்தை ஆக்கினர். அதிலே அவ்வீடுகளில் வாழ்ந்தோர் கமெராவை நோக்கித் தம் குறைகளைத் தாமே எடுத்துக் கூறினர். ஒருவரைப் பற்றிப் பேசுதல் வேறு. அவரைப் பேசவிடுதல் வேறு. மாணாக்கர் முதலில் உணரவேண்டிய வேறுபாடு இதுவாகும்.

இனித் திட்டமிடும் முறையை நோக்குவோம். தொல்காப்பியர் அகத்திணையியலில் முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, மரம், புள், பறை, தொழில் முதலாயின கருப்பொருள். மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். பாட்டுக்கு வகுத்ததைப் படத்துக்குக் கொள்ளுதல் ஒப்புமை கருதியே. ஆயினும் மாணாக்கர்க்கு இதனினும் எளிய வழி வேறில்லை. ஒரு தாளை மூன்று நிரலாகப் பிரித்து, இம்மூன்றையும் தலைப்பாக இடுக. பனையோலை இழைக்கும் மூதாட்டி ஒருவரைப் படத்துக்கு எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம்.

முதல்

முதன்முறை கமெராவின்றிச் செல்க. அவர் எங்கே இருந்து இழைக்கின்றார், எப்பொழுது தொடங்குகின்றார், வெயில் எப்பக்கமிருந்து விழுகின்றது என்பவற்றைக் குறித்துக்கொள்க. ஒளி அவரது முகத்துக்கு ஒருபுறமாக விழுதல் நன்று. முதுகுக்குப் பின்னே பேரொளி இருப்பின் முகம் இருண்டு போகும். வேலியும் முற்றமும் பனங்கூடலும் தெரியும்படி தொலைவிலிருந்து எடுக்கும் காட்சி ஒன்று வேண்டும். அகன்ற திரைக்கு ஆக்குவதாயிற் கைத்தொலைபேசியைக் கிடையாகப் பிடித்தல் வேண்டும்.

கரு

தொழிலின் படிகளை வரிசையாக எழுதுக. ஓலையைக் காயவிடுதல், ஈர்க்கு நீக்குதல், வார்தல், இழைத்தல், விளிம்பு கட்டுதல் எனப் பட்டியல் நீளும். ஒவ்வொரு படிக்கும் தொலைவு, நடு, அண்மை என மூன்று காட்சிகள் கொள்க. ஒவ்வொன்றையும் கமெராவை அசைக்காது பத்து விநாடியேனும் பிடிக்க. விரல்களின் அண்மைக் காட்சியே பின்னர்த் தொகுப்பவருக்குப் பெருந்துணை. பேச்சை இடையில் வெட்டிய வடு தெரியாமல் மறைப்பதும் அதுவே. ஒலியும் கருப்பொருளே. ஓலையின் சரசரப்பையும் காகத்தின் குரலையும் எவரும் பேசாத அரை நிமிடத்தில் தனியே பதிந்துகொள்க. பேசும்பொழுது ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண், இரு சாண் தொலைவில் இருத்தல் வேண்டும். மின்குழல் விளக்கின் கீழ் எடுப்பதாயின், நம் மின்னோட்டம் 50 ஹேர்ட்ஸ் ஆதலின், விநாடிக்கு 25 படச்சட்டம் என அமைத்தாற் காட்சி துடிப்பது பெரிதும் குறையும்.

உரி

இதுவே அரியது. “ஓலைத்தொழில் பற்றிய படம்” என்பது தலைப்பு, உரிப்பொருள் அன்று. “கை கற்றதைக் கொடுத்துச் செல்ல ஒரு கையைத் தேடுகின்றார்” என ஒரு வாக்கியத்தில் எழுத முடியுமாயின் அது உரிப்பொருள். ஆனால் அவ்வாக்கியத்தைப் பென்சிலால் எழுதுக. ஏனெனில், “என் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வராதது நல்லது” என்று அம்மூதாட்டி கூறவுங்கூடும். தொழில் அழிகின்றதே என இரங்குதல் அதனாற் பிழைக்கவேண்டாத நமக்கு எளிது. முதுகு நோவும் குறைந்த கூலியும் அறிந்தவர் வேறு சொன்னால், அழிக்கவேண்டியது நம் வாக்கியத்தையே. அவர் சொல்லை அன்று.

வினாக்களும் இதற்கேற்ப அமைதல் வேண்டும். “இது கடினமான தொழிலா?” என்றால் “ஓம்” என்ற அளவில் விடை முடியும். “முதன்முதல் இழைத்த பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கோ, ஆச்சி” என்றாற் கதை பிறக்கும். விடை முடிந்ததும் அடுத்த வினாவுக்கு விரையாது சற்றுப் பொறுத்திருக்க. அந்த அமைதிக்குப் பின் வரும் சொல்லே பலகாலும் படத்தின் உயிராகின்றது.

பதிந்த பேச்சு முழுவதையும் தாளில் எழுதி, வேண்டிய பகுதிகளைக் கோடிட்டு, கடிகாரம் வைத்துப் படித்துப் பார்க்க. ஒரு மணிநேரப் பேச்சில் நான்கு நிமிடமே தேறும். தெரிதலும் விடுதலும் கட்டுரைப் பயிற்சியன்றி வேறென்ன? எழுதும்பொழுது அவரது ஊர்ச்சொற்களைச் செந்தமிழாகத் திருத்தலாகாது. வகுப்பிலே வழு எனச் சிவப்பு மையிற் கோடிடும் சொல், இங்கே காக்கவேண்டிய செல்வம்.

படம் பிடிக்குமுன் அவரது இசைவைப் பெறுதலும், முடித்த படத்தை முதலில் அவருக்கே காட்டுதலும், அவர் வேண்டாம் என்ற பகுதியை நீக்குதலும் கடமையாகும். படத்தை ஒன்றுக்கொன்று சேய்மையான இரண்டு இடங்களிலேனும் சேமித்துவைத்தல் வேண்டும். இதனை யாழ்ப்பாணத்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 இல் எரிந்த பொதுசன நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அச்சிட்ட நூலாயின் பிறிதோரிடத்தில் ஒரு படி கிடைக்கலாம். 2005 தொடக்கம் நூலகம் திட்டத்தினர் அத்தகையவற்றை எண்ணிம வடிவில் தொகுத்தும் வருகின்றனர். கையிலும் நாவிலும் மட்டுமே உள்ள அறிவுக்கு இரண்டாம் படி இல்லை.

ஆதலின் பழைய மாணவர்களிடம் வேண்டுவது கமெராவும் கணினியும் மாத்திரம் அன்று. தத்தம் ஊரிலே தச்சர், கொல்லர், வலை முடிபவர், வில்லிசைப்பவர், ஓலை இழைப்பவர் எவரெவர் உளர் என்பதை அறிந்து, அவர்தம் முற்றத்துக்கு நம் மாணாக்கரை அழைத்துச் செல்லுதலே பேருதவி. வெளிநாடுகளில் வாழ்வோர் தம் இல்லத்து முதியோரிடமிருந்தே தொடங்கலாம். ஆண்டுக்கு மாணாக்கர் பன்னிருவர் ஆளுக்கு ஒரு படம் ஆக்கினால், பத்தாண்டில் நூற்றிருபது பேரின் குரல் நம் கல்லூரி நூலகத்தில் இருக்கும். அவர்களுட் பலர் அப்பொழுது நம்முடன் இரார். வரும் தவணையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.