எல்லோருக்கும் பிடித்த தளம் என்று ஒன்று இல்லை, கண்ணு

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றின் இணையதளத்துக்குப் புதுத் தோற்றம் கொடுக்கும் வேலையை உன்னிடம் விட்டிருக்கிறார்களாமே, சந்தோஷம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவந்து இதே வேலையில் பல இரவுகளைக் கழித்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன். நிரல் எழுதுவதில் நீ என்னைவிடக் கெட்டிக்கார ஆள். மனிதர்களோடு பொறுத்துப்போகத்தான் நாளாகும்.

1. முதலில் உன் ஊரைப் பார். ஓசூர்ச் சந்தையில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார், கடைக்காரர் தமிழில் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் கன்னடத்தில் குறைக்கச் சொல்வார். வியாபாரம் நடந்துவிடும். யாரும் தன் மொழியை விடுவதில்லை, அடுத்தவரை மாறச் சொல்வதுமில்லை. இந்தப் பக்குவத்தோடு வேலையைத் தொடங்கு.

2. கோபமாக வருகிறவரை விரட்டாதே. 2023 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 'வெக்டர் 2022' என்ற தோற்றத்துக்கு மாறியது. 2010 முதல் பழகிய பக்கம் மாறி, வரிகள் குறுகி, இருபுறமும் வெள்ளை இடம் விழுந்தது. பழையதே வேண்டும் என்று பலர் மல்லுக்கு நின்றார்கள். அன்றாடம் அங்கேயே கிடந்து கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் அவர்களில் பலர். அக்கறையில்லாதவன் சண்டைக்கு வரமாட்டான்.

3. பழகிய கைக்கு வழி விடு. விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருப்பவர் விருப்பத்தேர்வுகளுக்குப் போய்ப் பழைய வெக்டரை வைத்துக்கொள்ளலாம். 2004-இல் வந்த 'மோனோபுக்' தோற்றத்தைக்கூட வைத்துக்கொள்ளலாம். குறுகிய வரி பிடிக்காதவருக்கு, பக்கத்தை அகலமாக்க ஒரு பொத்தானும் உண்டு. புதியதை மறுத்தவரை எதிரியாக்காத பண்பு அது. உன் தளம் சிறியதாக இருக்கலாம். அந்தப் பண்புக்கு அளவு தேவையில்லை.

4. அதற்காகக் கேட்டதற்கெல்லாம் ஒரு பொத்தான் வைக்காதே. ஒவ்வொரு பொத்தானையும் ஆண்டுக்கணக்கில் யாராவது சோதித்துப் பராமரிக்க வேண்டும்; நம் திட்டங்களில் அந்த யாரோ சம்பளமில்லாத தன்னார்வலர். பெரும்பாலானவர்கள் அமைப்புகள் பக்கத்தைத் திறப்பதே இல்லை. ஆகவே முதலில் கண்ணில் படும் தோற்றத்தில்தான் உன் உழைப்பெல்லாம் இருக்க வேண்டும். 'வேண்டாம்' என்பதை முகம் கோணாமல் சொல்லப் பழகு.

5. பேசாதவரை மறந்துவிடாதே. தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடலுக்கு 'ஆலமரத்தடி' என்றொரு பக்கம் உண்டு. அங்கே வந்து பேசுவோர் எழுதுகிறவர்கள். படித்துவிட்டுப் போகிறவர் வருவதில்லை. கம்பெனி பஸ்ஸில் கைப்பேசியில் படிக்கும் பெண் தொழிலாளிக்கு அப்படியோர் இடம் இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உன் தளத்தை அவர் எப்படித் தேடிப் பிடிக்கிறார் என்று பார். நடுவில் வாய் திறக்காதே, அதுதான் கஷ்டம்.

6. கேட்பதை மட்டும் கேட்காதே, ஏன் கேட்கிறார் என்றும் கேள். முன்பு விக்கிப்பீடியாவின் ஓரத்தில் மொழிகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. புதிய தோற்றத்தில் அவை தலைப்புக்கு அருகே ஒரு பொத்தானுக்குள் போய்விட்டன. பாகலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், "அந்த ஓரத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று குமுறினார். பேசப் பேசத்தான் விளங்கியது: அவருக்கு வேண்டியது ஓரமல்ல, தமிழ்க் கட்டுரையிலிருந்து கன்னடத்துக்கு ஒரே சொடுக்கில் தாவுவது. ஆசையைக் கேட்டால் வாதம் வளரும். தேவையைக் கேட்டால் வழி பிறக்கும்.

7. உன் ரசனையைச் சட்டமாக்காதே. தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999-இல் தரமாக ஏற்றது. எனக்கும் அதுதான் வேகம். ஆனாலும் விக்கிப்பீடியாவின் தட்டச்சுக் கருவியில் பாமினி, எழுத்துப்பெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கின்றன. பாமினியில் பழகிய ஈழத்து விரல்களை முதலிலிருந்து கற்றுக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் கட்டுரைகள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தன.

8. மெதுவாக மாற்று; ஆனால் முடிவெடு. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அந்தப் புதிய தோற்றத்தை 2020 முதலே பிரெஞ்சு உள்ளிட்ட சில மொழிப் பதிப்புகளில் விட்டுப் பார்த்த பிறகுதான் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. நீயும் ஒரு பக்கத்தில் தொடங்கு. எல்லோரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தால் வேலை நடக்காது. முடிவெடுத்த பின் காரணத்தை எழுதி வை. விட்டுக்கொடுத்த தரப்பின் வாதத்தையும், "ஆமாம், நாங்கள் சொன்னது இதுதான்" என்று அவர்களே ஒப்பும்படி எழுது. அப்படி எழுத வரவில்லையென்றால், கண்ணு, நீ இன்னும் முடிவெடுக்கத் தயாராகவில்லை.