உஷ்ணப் பிரதேசத்தில் திறந்தவெளி மீன்தொட்டி

மீன்தொட்டி வெறும் அலங்காரப் பொருள் அன்று. முறைப்படி அமைக்கப்பெற்ற தொட்டி, கொசுப் புழுக்களைத் தின்னும் மீன்களுக்கு நாற்றங்காலாகும். கவனியாது விடப்பட்ட தொட்டியோ கொசுக்களுக்கே பிறப்பிடமாகும். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு, வீட்டருகே தேங்கும் தெளிந்த ஜலத்தில் முட்டையிடுவது. ஆதலின் தொட்டி அமைக்க விரும்பும் சங்க அங்கத்தினர்கள் கீழ்க்கண்ட நான்கு விஷயங்களைக் கவனித்தல் அவசியம்.

முதலாவது, இடம். வெயிலின் உக்கிரமே மீனுக்கு முதற் சத்துரு. ஜலம் சூடேற ஏற அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராமே ஏற்கும். மீனின் தேவையோ உஷ்ணத்தில் அதிகரிக்கும். ஆகவே காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் உத்தமம். இலை மிகுதியாக உதிரும் மரத்தடி ஆகாது. அழுகும் இலைகளும் பிராணவாயுவைக் குறைக்கும். நிழலுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போதும்.

இரண்டாவது, தொட்டி. 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள தொட்டியில் இரண்டரை அடி ஜலம் நின்றால் 60 கன அடி, அதாவது சுமார் 1,700 லிட்டர் கொள்ளும். ஆழம் குறைந்தது விரைவிற் சூடேறும். புதிய சிமெண்டுத் தொட்டியில் உடனே மீன் விடலாகாது. சிமெண்டின் காரம் மீனைக் கொல்லும். ஜலம் நிரப்பிச் சில நாள் ஊறவிட்டு இறைத்தலை மும்முறையேனும் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, மீன். 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொணரப்பட்ட காம்பூசியா மீன் கொசுப் புழுக்களைத் தின்பது மெய்யே. ஆயினும் அது குளங்களிற் புகுந்தால் நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழிக்கும். தமிழ்நாட்டு வாய்க்கால்களில், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தில் திரியும் சிறு மீனே ஏற்றது. அது துள்ளும் இயல்பினதாதலால், ஜலம் விளிம்புக்கு அரை அடி கீழே நிற்க வேண்டும். தொடக்கத்தில் 20 மீன்கள் போதும்.

நான்காவது, பராமரிப்பு. நீர்ப்பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதனையே உட்கொள்ளும். ஆகையால் பாசி தொட்டியை அடைத்துக்கொள்ளலாகாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், பாசியைக் களைந்து கால் பங்கு ஜலத்தை மாற்றுதல் வேண்டும். இறைத்த ஜலம் கீரைப் பாத்திக்கு நல்ல உரம்.

உஷ்ண காலத்தில் கொசு முட்டை பத்து நாளுக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். அதற்கு வேலியும் இல்லை. ஒருவர் தொட்டியிற் பெருகும் குஞ்சுகளை அயலார் தொட்டிகளுக்கும் பகிர்ந்தளித்தாலன்றி ஒரு வீடும் தப்புவதற்கில்லை.