முதுமையில் இருமுனை மனநோயும் மீட்சியும்

மனத்தில் மகிழ்ச்சியும் துயரமும் மாறி மாறித் தோன்றுவது இயல்பே. ஆனால் சிலரிடம் இவ்விரண்டும் வரம்பு கடந்துவிடுகின்றன. சில வாரங்கள் உறக்கமே வேண்டாத கிளர்ச்சி, ஓயாத பேச்சு, கணக்கற்ற செலவு. பின்னர்ச் சில மாதங்கள் படுக்கையை விட்டு எழவும் இயலாத சோர்வு. இடையிடையே நோயின் சாயலற்ற காலமும் உண்டு. இதுவே இருமுனை மனநோய் எனப்படும்.

1949-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லிதியம் என்னும் உலோகத்தின் உப்பு இக்கிளர்ச்சியைத் தணிப்பதை வெளியிட்டார். 1954-இல் டென்மார்க்கில் மொகன்ஸ் ஷௌவும் துணைவர்களும் முறையான சோதனையால் அதற்கு வலுவளித்தனர். நோய் மீண்டும் வராமல் தடுக்கும் ஆற்றலும் அதற்குண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இளமையில் இந்நோய்க்கு ஆளான பலர் இன்று அறுபது வயதைக் கடந்து வாழ்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை ஒரு வினா எழுகிறது: நோயின் குறிகள் அடங்கினால் மட்டும் போதுமா?

குறிகள் மறைவது மருத்துவ மீட்சி. நோய் முற்றிலும் நீங்காவிடினும் நிறைவோடும் பயனோடும் வாழ்வது தனிமனித மீட்சி. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஆந்தனி 1993-இல் இக்கருத்தை விளக்கினார். 2011-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் இதன் கூறுகளை ஐந்தாக வகுத்தனர்: பிறரோடு தொடர்பு, எதிர்காலத்தில் நம்பிக்கை, தன்னைப் பற்றிய நன்மதிப்பு, வாழ்க்கையில் பொருள், தன் வாழ்வைத் தானே நடத்தும் ஆற்றல்.

முதுமையில் இவ்வைந்தும் எளிதில் கிட்டுவன அல்ல. பணி ஓய்வும் துணையின் மறைவும் தொடர்புகளைக் குறைக்கின்றன. நோயினால் இழந்த ஆண்டுகளை எண்ணி வருந்துவோரும் உளர். எனினும் நீண்டகால அனுபவம் ஒரு செல்வமே. உறக்கம் குறைந்தும் களைப்புத் தோன்றாவிடில் கிளர்ச்சி நெருங்குகிறது என்பதைப் பலர் தாமே அறிவர். குறித்த நேரத்தில் உறங்கி எழுதல், உண்ணுதல், உலாவுதல் ஆகியவை மனநிலையைச் சீராக வைக்க உதவுகின்றன.

உடலையும் கவனித்தல் வேண்டும். லிதியம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. வயதாக ஆகச் சிறுநீரகத்தின் திறன் குறைவதால், மருந்து இரத்தத்தில் மிகுதியாகத் தங்கக்கூடும். வயிற்றுப்போக்கு, கோடைக்கால நீரிழப்பு, சில வலிநீக்கி மருந்துகள், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் இதனை மிகுவிக்கும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, மனக்குழப்பம் ஆகியவற்றை முதுமையின் விளைவெனக் கருதி வாளாவிருத்தல் ஆபத்தாகும். உடனே மருத்துவரை நாடல் வேண்டும். இரத்தத்தில் லிதியத்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டுச் சுரப்பி ஆகியவற்றின் சோதனைகள் தவறாது நடைபெற வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதலும் கேடு தரும்.

குடும்பத்தாரின் கடமை நுட்பமானது. முதியவர் வாய்விட்டுச் சிரித்தாலே 'நோய் திரும்பிவிட்டது' என அஞ்சுவதும், அவருடைய பணத்தையும் முடிவுகளையும் என்றென்றைக்கும் தம் கையில் எடுத்துக்கொள்வதும் மீட்சிக்குத் தடைகளாகும். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்துள்ளது. பிற்காலத்தில் முடிவெடுக்க இயலாத நிலை நேரின், தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பவற்றை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தெளிவான நாளில் எழுதப்படும் அத்தாள், தெளிவற்ற நாளிலும் அவர் குரலை ஒலிக்கச் செய்யும்.